புல் வெட்டும் மெஷினுக்குத் தமிழில் ஒரு தாள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் மோட்டார், ஸ்பிரேயர், பம்புசெட் எஞ்சின் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் என்னிடம் அதிகம் வருவது புல் வெட்டும் மெஷின்தான். அதுவும் ஒரே எஞ்சினில் பல அட்டாச்மென்ட் மாட்டுகிற வகை. வரப்புக்கு பிளேடு, வாய்க்கால் ஓரத்துக்கு நைலான் கயிறு, சேற்று வயலில் களை எடுக்க சக்கரம், கொல்லைக்கு டில்லர் கத்தி, மரக்கிளைக்கு நீளக் குழாயில் ரம்பம். அண்டை வெட்ட ஆள் கிடைக்காத காலத்தில் நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன்.

பவர் வீடர், பவர் டில்லருக்கு மானியம் வருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. அந்தச் செய்தியெல்லாம் உங்கள் வேளாண் பக்கத்தில் வந்துவிடுகிறது. வாங்கிக்கொண்டு வந்த பிறகு எங்கே எண்ணெய் விடுவது, எங்கே கிரீஸ் வைப்பது என்பதுதான் யாரும் எழுதுவதில்லை. பெட்டிக்குள் ஒரு புத்தகம் கிடக்கும், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். கடையில் எஞ்சினைக் கிளப்பிக் காட்டுவார்கள், உறுமும், பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம். அதனாலேயே நம் ஆட்களுக்கு மெஷின் என்றால் எஞ்சின் மட்டும்தான். "எஞ்சின் போச்சுண்ணே" என்று தூக்கி வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் எஞ்சின் சௌக்கியமாக இருக்கும். போனது அதற்குக் கீழே இருப்பது.

எஞ்சின் அலறுகிறது, பிளேடு சுற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி, பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, மாட்டியிருக்கும் அட்டாச்மென்டை எடுத்து வேறொன்றை மாட்டிப் பாருங்கள். பல்பு எரியாவிட்டால் வேறு பல்பைப் போட்டுப் பார்ப்பது போலத்தான். புதிதாக மாட்டியது ஓடினால் பழுது பழைய அட்டாச்மென்டின் கியர் பெட்டியிலோ அதன் ராடிலோ. எதை மாட்டினாலும் சுற்றாவிட்டால் எஞ்சின் சுற்றை ராடுக்குக் கொடுக்கும் கிளட்ச், அல்லது மேல் குழாய்க்குள் ஓடும் ராடு. பல அட்டாச்மென்ட் இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு. பட்டறைக்கு வருவதற்கு முன்பே பழுது எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து இணைப்பு. இரண்டு குழாயும் சேரும் இடத்தில் ஒரு பின் இருக்கிறது. அது 'டிக்'கென்று ஓட்டைக்குள் வந்து உட்கார வேண்டும், அப்புறம்தான் திருகை முடுக்க வேண்டும். அவசரத்தில் பாதி நுழைந்ததுமே முடுக்கி ஆக்ஸிலேட்டரைப் பிடித்தால், உள்ளே ராடின் சதுர முனை மழுங்கிப்போகும். மழுங்கிய முனை எதையும் சுற்றாது. மாற்றும்போதெல்லாம் அந்த முனையைத் துணியால் துடைத்து, விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துத் தடவினால் போதும். கொல்லையில் குழாயைக் கழற்றி மண்ணில் சாய்த்து வைக்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மண் முழுக்க உள்ளேதான் போகிறது.

கியர் பெட்டி என்பது பிளேடுக்கு மேலே குழாய் வளைகிற இடம். பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். திருகின் முனையில் கிரீஸ் ஒட்டியிருந்தால் தொட வேண்டாம். காய்ந்திருந்தால் லித்தியம் கிரீஸ் ஒரு 5 கிராம் அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். நிறைய இருந்தால் நல்லது என்று பிதுங்கப் பிதுங்க அடைக்கக் கூடாது, சூடேறி, கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் 'சீல்' வளையத்தைத் தள்ளிவிடும். சேற்றில் ஓட்டும் களைச் சக்கரத்தை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். சீலை மாற்றி, பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பம்புசெட் குழாயடியில் முழு வேகத் தண்ணீரில் காட்டிக் கழுவுவதும் இதற்கு ஒரு காரணம். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

ரம்பம் மாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் செயினுக்கு எண்ணெய் டேங்க் வேறு, எஞ்சினிலிருந்து ஒரு சொட்டுகூட அங்கே போகாது. எண்ணெய் வருகிறதா என்று தெரிய, பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, ரம்பத்தின் முனையை அதற்கு நேரே தரையில் படாமல் பிடித்து எஞ்சினை வேகமாக ஓட்டுங்கள். (உங்கள் பேப்பரே இதற்குப் போதும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய் வரும் ஓட்டையை மரத்தூள் அடைத்திருக்கும். டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுவது இங்கே பரவலாக இருக்கிறது. அதில் இரும்புத் துகள் இருக்கும், செயினில் ஒட்டவும் ஒட்டாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் சாய்ந்த தென்னையை அறுத்தவர்களுக்குச் செயின் எண்ணெயின் அருமை தெரியும். இன்னொன்று, குழாய் உலோகம். வயலில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி இருக்கிற பக்கம் ரம்பத்தைத் தூக்கவே வேண்டாம்.

டில்லர் கத்தி பற்றியும் சொல்ல வேண்டும். சம்பா அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் நம் களிமண்ணில் அந்தச் சின்ன எஞ்சினை இறக்கினால் கிளட்ச் வழுக்கி எரியும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போது, மேலாக, இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். பெரிய நிலத்துக்கு அது ஆகவே ஆகாது, என்ன சொல்லி விற்றிருந்தாலும் சரி.

பிளேடு கழற்றுவதில் உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் தனி ரகம். பல மெஷின்களில் பிளேடு நட்டு இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கியர் பெட்டியில் இருக்கும் சின்ன ஓட்டையில் கம்பியைச் செருகி ராடை நிறுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். அது தெரியாமல் ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி மறுபக்கம் தொங்கினால் நட்டு இன்னும் இறுகும், அல்லது போல்ட்டே முறியும்.

எஞ்சின் விஷயம் பலருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2 ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மூடிக் கணக்கு வேண்டாம். ஆயில் கூடினால் பிளக் கறுத்து நனையும், சைலன்சர் வலை அடைத்து எஞ்சின் இழுக்காது. குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான 4 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. ஆயில் தனியாக எஞ்சினுக்குள் இருக்கிறது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்றதில் வெறும் 100 மில்லிதான் பிடிக்கும், குறைந்தால் சீக்கிரம் சேதம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். தையில் டேங்கில் விட்டதை வைகாசிக் கடைசியில் ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்கும்போது கிளப்பப் பார்த்தால் எப்படிக் கிளம்பும்? வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் பிடிக்காதபோது ஓடும் வேகம்) கூடியிருக்கும், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். காலுக்கு ஆபத்து.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மானியத்தில் கொடுக்கும் மெஷினாக இருந்தாலும் சரி, கடையில் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் சரி, குழாயிலேயே தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தர வேண்டும். ஆயில் எவ்வளவு, கிரீஸ் திருகு எங்கே, நட்டு எந்தப் பக்கம் கழலும் என்ற மூன்றும் படத்தோடு இருந்தால் போதும். ஒவ்வொரு அட்டாச்மென்டுக்கும் தனி ஸ்டிக்கர், ஏனென்றால் ஒன்றுக்குச் சொல்வது மற்றொன்றுக்குப் பொருந்தாது. இதை வேளாண் பொறியியல் துறையினர் விற்பனையாளர்களுக்கு நிபந்தனையாக வைக்கலாம். அதுவரைக்கும் உங்கள் வேளாண் பக்கத்தில் இதையே படம் போட்டு ஒரு முறை வெளியிட்டால் வெட்டியெடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைப்பேன். ஆவணிக்குள் வந்தால் நல்லது, சம்பா நடவுக்கு முன்பு வரப்பு வேலை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
பட்டறை மெக்கானிக் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.