நூறாவது ஜோடி கிளம்பிய நாளில்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

நேற்று மாலை, நான் செய்த நூறாவது ஜோடி ஸ்பீக்கரை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, டேப் ஒட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பினோம். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும், உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் தோன்றியது. பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். எதற்கு நன்றி என்று விவரமாகச் சொன்னதே இல்லை. நீங்கள் செய்தது ஓர் உதவி என்பதுகூட உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் எனக்குச் செய்தது, “இது சரியில்லை” என்று முகத்துக்கு நேரே சொன்னதுதான்.

முதலில் ரேடியோ பழுது பார்த்த ஐயா. எனக்கு அப்போது 12 வயது. பள்ளி விட்டதும் அவருடைய மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிடுவேன், அவர் விரட்டியதில்லை. ஒரு நாள் கோன் கிழிந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றை என் மடியில் வைத்து, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒயரைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். ‘டப்’ என்று கோன் முன்னால் வந்தது. ஒயரை மாற்றித் தொட்டார், பின்னால் போனது. “பாட்டு, பேச்சு எல்லாம் இதுதாம்ப்பா. முன்ன வர்றதும் பின்ன போறதும். முதல்ல இது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்கோ” என்றார். காந்தத்தின் நடுவே ஒரு சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கோன் என்று செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் 1925-இல் செய்து காட்டிய அதே ஏற்பாடுதான் இன்றும் நாம் வாங்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் காகிதக் கோன் உள்ளங்கையில் உயிரோடு துடித்தது என்பது மட்டும்தான். அந்தத் துடிப்பு இன்னும் கையில் இருக்கிறது. ஐயா சொன்னதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் என் நண்பன். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக மறுபடியும் ஆசிரியராக உட்கார்ந்தவன். அதுவரை நான் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த அளவில் பெட்டி செய்துகொண்டிருந்தேன். ஒன்று ‘கும்’மென்று முழங்கும், இன்னொன்றில் பாஸே, அதாவது தாழ்ந்த ஒலியே, இருக்காது. காரணம் தெரியாது. “ஊஃபர், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர், கேட்கிற அளவில்தான் பெட்டி செய்ய வேண்டும், நீ நினைக்கிற அளவில் இல்லை” என்று சொல்லி, ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கினான். அதன் தொடர்ச்சியாக ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் எழுதியவற்றையும் வரிவரியாக விளக்கினான். ஊஃபரின் இயல்பை ஒரு சில எண்களில் அடக்கிவிட்டால், அதற்கேற்ற பெட்டியைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம் என்பது அன்றைக்கு எனக்கு மந்திரம் போல இருந்தது. 20 லிட்டர் பெட்டி, அதில் காற்று வந்துபோக 5 செ.மீ. விட்டமுள்ள குழாய், 12 செ.மீ. நீளம். சுமார் 43 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 43 அதிர்வில், அந்தப் பெட்டி மூச்சு விடும் என்று அவன் எழுதிக் காட்டினான். அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னாய், நண்பா. ஊஃபரோடு வரும் தாளில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, கைக்கு வந்த ஊஃபரை நீயே அளந்து பார் என்று. தாளில் 38 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த ஊஃபர் 46-இல் அதிர்ந்ததைப் பார்த்த பிறகு, இன்றுவரை அளக்காமல் ஒரு பெட்டிக்கும் பலகை வெட்டியதில்லை.

ஆசாரி அண்ணனைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். எனக்கு அளவு என்றால் மில்லிமீட்டர், அவருக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல். “ஒரு நூல் தள்ளிப் போச்சுன்னாலும் காத்து போகும் தம்பி” என்பார். நான் வரைந்து கொடுத்த முதல் படத்தில், உள்தாங்கல் சட்டத்தைப் பக்கப் பலகையின் சரி நடுவில் போட்டிருந்தேன். பெட்டியைப் பூட்டிய பிறகு, விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். மறுபடி தட்டினார். “இங்கேயும் பாடுது, இதுக்கு நேர் கீழேயும் அதே சுருதியில பாடுது. சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தா ரெண்டும் ஒண்ணா சேர்ந்து பாடாது” என்றார். நான் அதே பெட்டியின் மின்மறுப்பு கிராஃபை, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஊஃபர் மின்சாரத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் கோட்டை, எடுத்துப் பார்த்தேன். வழவழப்பாக இறங்க வேண்டிய கோட்டில் 300 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு சின்னச் சுருக்கம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. சட்டத்தை நடுவிலிருந்து நகர்த்தி, இன்னொரு சட்டத்தைக் குறுக்கே கொடுத்த அடுத்த பெட்டியில் அந்தச் சுருக்கம் போய்விட்டது. அவர் முட்டி சொன்னதைத்தான் என் கருவியும் சொன்னது. அண்ணன் முட்டி முன்னால் சொன்னது.

முகப்பு விளிம்புகளை வளைவாக இழைக்கச் சொன்னபோது, “அழகுக்கா?” என்று கேட்டார். இல்லை அண்ணா, உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் ஒலி பலகை மேல் பரவி ஓரத்துக்கு வரும்போது, ஓரம் கூராக இருந்தால் அங்கிருந்து இன்னொரு ஒலி கிளம்பியது போல ஆகிவிடும் என்றேன். 2000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே சுமார் 17 செ.மீ.தான், பலகையின் அகலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்று கையை விரித்துக் காட்டினேன். அன்றைக்கு முழுவதும் சாண் அளவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையையும் அளந்து பார்த்தபடி இருந்தார். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையின் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்று எனக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்து, அதைப் போடாமல் பட்டறைக்குள் விடாததும் அவர்தான். அண்ணே, நூறு ஜோடியிலும் உங்கள் கை இருக்கிறது.

கம்பிச் சுருளான காயில் சுற்றித் தரும் அக்காவுக்கு ஒரு நன்றி. மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சுற்றிப் பழகிய கை. தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையைக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். ஊஃபருக்கு ஒரு காயில், ட்வீட்டருக்கு ஒரு காயில், இரண்டையும் இடம் மிச்சம் பிடிக்கப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்தேன். ஒரு பார்வைதான் பார்த்தார். “ரெண்டு காயிலை இப்படி ஒட்டி வெச்சா அதுக்குப் பேரு டிரான்ஸ்ஃபார்மர். ஒண்ணுல ஓடறது இன்னொண்ணுல ஏறாதா?” என்றார். ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதைச் செங்குத்தாக நிறுத்தி, இடையில் இடம் விட்டேன். ட்வீட்டருக்குள் கசிந்துகொண்டிருந்த ஒலி அடங்கியது. அக்கா, நீங்கள் ஸ்பீக்கர் செய்ததில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தியது.

இனி டீச்சர். முதல் முறையாகக் காசு கொடுத்து என் ஸ்பீக்கரை வாங்கியவர். அவர் பாட்டு சொல்லிக் கொடுப்பவர். வாங்கிப் போன மூன்றாம் நாள் போன் செய்தார்.

“பாடுகிறவர் நடுவில் இல்லை.”

“பேலன்ஸ் பார்த்தீர்களா டீச்சர்?”

“அது சரியாகத்தான் இருக்கிறது. சத்தம் இரண்டு பக்கமும் சமமாக வருகிறது. ஆனால் குரல் மட்டும் அறை முழுக்கக் கரைந்து போகிறது. ஆள் நிற்க மாட்டேன் என்கிறார்.”

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். வாரக்கணக்கில் அளந்து செய்த பெட்டி அது. எடுத்து வந்து ஒவ்வொன்றாக மைக் வைத்து அளந்தேன். வலது பக்கம் சரியாக இருந்தது. இடது பக்கத்தில் 2200 ஹெர்ட்ஸுக்கு அருகே கிணறு தோண்டியது போல ஒரு பள்ளம். ஊஃபர் ட்வீட்டரிடம் ஒலியை ஒப்படைக்கும் இடம் அதுதான். நான் போட்டிருந்தது, சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் 1976-இல் விவரித்த வகை கிராஸ்ஓவர். அந்த இடத்தில் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்தால்தான் ஒலி நிறையும். ஒன்று முன்னால் வரும்போது மற்றது பின்னால் போனால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். பெட்டியைத் திறந்தேன். ட்வீட்டரின் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன.

எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்கோ என்று ஐயா 12 வயதில் சொன்னது அப்போதுதான் முழுதாக உள்ளே இறங்கியது. நீண்ட நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. “சரி செய்துவிட்டீர்களா? எப்போது கொண்டு வருவீர்கள்?” என்று மட்டும் கேட்டார். கொண்டுபோய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். “இப்போது வந்துவிட்டார்” என்றார். அடுத்த நிமிடமே, “ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) விழுந்த பிறகும் நீண்டுகொண்டே போகிறதே, அது ஏன்?” என்று கேட்டார். இரண்டு பெட்டிகளும் சுவர் மூலையில் ஒட்டி நின்றன. அறையின் மூலை பாஸைத் தூக்கிக் கொடுக்கும். பட்டறை நடுவில் வைத்து அளந்த எனக்கு அது தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் இருவரும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினோம். சுவரிலிருந்து 60 செ.மீ. வந்ததும், தொப்பி விழுந்த இடத்தில் நின்றது. அன்றிலிருந்து யார் ஸ்பீக்கர் கேட்டாலும், என்ன பாட்டு கேட்பீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். செய்யும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கிராஃபை எடுத்துப் பத்திரப்படுத்துவதும் உங்களால் வந்த பழக்கம்தான், டீச்சர். என் முதல் தவறு உங்கள் காதில் விழுந்தது என் பாக்கியம்.

சித்தப்பாவுக்கு. நான் எழுதி வைத்திருந்த செலவுக் கணக்கில் மரம், ஊஃபர், ட்வீட்டர், கெப்பாசிட்டர், பிசின், பெயின்ட் என்று எல்லாம் இருந்தது. முழுவதும் பார்த்துவிட்டு, “உன் கூலி எங்கே?” என்றீர்கள். பிடித்துச் செய்கிற வேலைக்குக் கூலியா என்றேன். “அப்படியென்றால் இது தொழில் இல்லை, தானம். வீட்டைக் கேட்டுத்தான் தானம் பண்ண வேண்டும்” என்றீர்கள். ஒரு ஜோடிக்கு 34 மணி நேரம் ஆகிறது என்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன். விலையைத் திருத்தினேன். ஊஃபர் தயாரிப்பு நின்றுபோனால் பழைய வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டு, உதிரிக்கென்று சில எடுத்து வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். அதில் இரண்டு ஏற்கெனவே கைகொடுத்துவிட்டன.

ஜோடிக்கு ஜோடி இரண்டு டெசிபல் வித்தியாசத்தோடு ட்வீட்டர்கள் வந்து இறங்கிய மாதத்தில், வேறு இடத்திலிருந்து பொருத்தம் பார்த்துப் பொறுக்கி அனுப்பி வைத்தவருக்கு நன்றி. கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து என் கண் முன்னே கீழே போட்டு, “இதைத் தாங்கினால்தான் அண்ணா அனுப்பலாம்” என்று பேக்கிங்கை ஐந்து முறை மாற்ற வைத்த தம்பிக்கு நன்றி. வந்து கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லிப் போனவர்களுக்கும் நன்றி. உயர் ஒலி காதைக் குத்துகிறது என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் ட்வீட்டருக்கு முன்னால் இருந்த ரெசிஸ்டரை மாற்றினேன். அந்த மூவரும் வாங்கவில்லை. இப்போது வாங்குகிறவர்கள் கேட்பது அவர்கள் திருத்திய ஒலியை.

அக்கம்பக்கத்து வீட்டாரே, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை ஏறும் அந்த ‘ஊய்ய்ங்’ சத்தத்தை எத்தனை இரவு கேட்டிருப்பீர்கள்! வண்டிச் சத்தம் அடங்கினால்தான் அளவு சுத்தமாக வரும் என்று ஒரு முறை சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டில் இருப்பவளுக்கு எழுத உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. மாதச் சம்பளத்தை விடட்டுமா என்று நான் கேட்ட இரவில், நீ உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை, நடு அறையிலிருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்கி, சுவரோரம் என் மேசையைப் போட்டு வைத்திருந்தாய். அதுதான் பதில். மரத்தூள் படிந்த துணிகளையும், தாமதமாக வந்த பணத்தையும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க வைத்த பாட்டுகளையும் பொறுத்துக்கொண்டாய். எந்தப் பெட்டியானாலும் இன்றும் கடைசியாகக் கேட்கிற காது உன்னுடையதுதான். நீ தலையசைக்காமல் ஒன்றும் வாசலைத் தாண்டியதில்லை.

ரேடியோ ஐயா இப்போது இல்லை. எனக்கு ஒரு தொழில் அமையும் முன்பே போய்விட்டார். அவர் மேசையில் இருந்தது போன்ற ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று என் மேசை ஓரத்தில் எப்போதும் இருக்கும். பெட்டியில் பூட்டும் முன் ஒவ்வொரு ஊஃபரையும் அதில் தொட்டுப் பார்ப்பேன். ட்வீட்டரை மைக் வைத்துச் சரிபார்ப்பேன். நூற்றியோராவது ஜோடியின் பலகைகளை ஆசாரி அண்ணன் இன்று காலை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஊஃபர் இரண்டும் மேசையில் காத்திருக்கின்றன. ஒயரையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குக் கடன்பட்ட,
ஸ்பீக்கர் செய்கிறவன்