ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்றவர்களுக்கு ஆலோசனை என்றாலே நடைப்பயிற்சி, தோட்டம், சேமிப்பு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் நாலு பேருக்குப் பதில் சொல்லியே பழகியவருக்கு, தன்னை இனி யாரும் தேடவில்லை என்பதுதான் பெரிய கஷ்டம். பொழுது போகவில்லை என்று அவர் சொல்வது அதைத்தான். கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது ஒரு ஹாஸ்பிஸில் தன்னார்வலராக இருக்கிறேன்.

இனிக் குணமாக வழியில்லை என்ற நிலையில், வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, இருக்கிற நாட்களை நிம்மதியாகக் கழிக்க உதவுவதுதான் ஹாஸ்பிஸின் வேலை. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு மனவேதனையும் குடும்பக் கவலையும் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்றார். அத்தனைக்கும் டாக்டரும் நர்ஸும் மட்டும் எப்படிப் போதும்?

மருந்து கொடுப்பது எங்கள் பொறுப்பு இல்லை. பயிற்சி முடிந்த பிறகே நோயாளியிடம் அனுப்புவார்கள். பேப்பர் படித்துக் காட்டுவோம், பேசினால் கேட்போம், பேசாவிட்டால் கூடவே உட்கார்ந்திருப்போம். எதற்கும் தீர்வு சொல்லியே பழகியவர்களுக்கு இது முதலில் சிரமம்தான்.

கடைசி நாட்களில் பசி தானாகவே அடங்கிவிடும். பட்டினி போடுகிறோமோ என்று வீட்டார் தவித்துப்போவார்கள். உடம்பு ஓயும்போது அப்படித்தான் என்று நர்ஸ் பொறுமையாக விளக்குவார். அப்புறம், ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைக்கச் சொல்லித் தருவார். வெடித்துக் காய்ந்த உதடு ஈரம் பட்டதும் லேசாக அசையும். அதுவரை ஸ்பூனும் கையுமாக அழுதுகொண்டிருந்த மகள், அழுகையை நிறுத்திவிட்டுப் பஞ்சை மறுபடி நனைப்பாள்.

நாங்கள் போய் உட்கார்ந்ததும் பக்கத்து அறையில் சாய்ந்து, உடனே தூங்கிப்போகும் மனைவிமார் உண்டு. எத்தனை நாள் தூக்கமோ! நம்மை நம்பி ஒருவர் கண்ணயர்கிறார் என்பதற்கு ஈடாக, நான் வேலையில் இருந்தபோது வாங்கிய எந்தப் பாராட்டையும் சொல்ல மாட்டேன்.

சமீபத்தில் நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களைப் பல இடங்களில் கொஞ்ச காலம் கழித்து வரச் சொல்கிறார்கள். அது சரியான விதி. மற்றவர்கள் தயங்க வேண்டாம், வாரத்தில் ஒரு மதியம் போதும். நோயாளி அருகில் உட்கார மனம் துணியாவிட்டாலும் பரவாயில்லை. ஃபோன் எடுக்கவும் கணக்கு எழுதவும்கூட அங்கே ஆள் தேவைப்படுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்