வருகைப் பதிவேடும் இரவல் பதிவேடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ‘முகநூலின் கதை முடிந்ததா?’ கட்டுரையைப் படித்தேன். முடிந்தது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். இளம்பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை, எல்லாரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், ஆகவே கூகுள் நடத்தி மூடிய பழைய நட்புத் தளமான ஆர்குட் போன வழியில்தான் இதுவும் போகும் என்பது அவர் வாதம். பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

முகநூலுக்கு நாள் குறிப்பது புதிதல்ல. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் இருவர், தொற்றுநோய் பரவி அடங்கும் கணக்கை வைத்து, 2017க்குள் முகநூல் தன் பயனாளர்களில் 80 சதவீதம் பேரை இழந்துவிடும் என்று எழுதினார்கள். முகநூல்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே முறையில் கணக்குப் போட்டால் 2021இல் பிரின்ஸ்டனில் ஒரு மாணவர்கூட மிஞ்ச மாட்டார் என்று பதில் எழுதினார்கள். 2017 வந்தது, போனது. 2013 முடிவில் 123 கோடியாக இருந்த, மாதம் ஒருமுறையாவது வருகிறவர்களின் கணக்கு 2017 முடிவில் 213 கோடி ஆகியிருந்தது.

அப்புறம் 2022 பிப்ரவரியில் ஒரு கலக்கம். தினமும் வந்து போகிறவர்களின் எண்ணிக்கை, 193 கோடியில் சில லட்சம், முதல்முறையாகக் குறைந்துவிட்டது என்று நிறுவனமே சொன்னது. மறுநாள் பங்கு விலை 26 சதவீதம் சரிந்தது; ஒரே நாளில் 23,000 கோடி டாலருக்கு மேல் மதிப்பு கரைந்தது. இதோ ஆரம்பித்துவிட்டது என்றார்கள். 2023 கடைசியில் பார்த்தால் தினக் கணக்கு 211 கோடி. ஆக, தலையை எண்ணினால் முகநூல் ஓயவில்லை. 2024 முதல் முகநூலுக்குத் தனிக் கணக்கு தருவதையே நிறுத்திவிட்டார்கள். வாட்ஸப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘குடும்பக் கணக்கு’ ஒன்றைத்தான் சொல்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை சம்பாதிக்கிறான், எவன் சும்மா இருக்கிறான் என்று வெளியே தெரியாது அல்லவா, அதுமாதிரி.

நான் 31 ஆண்டுகள் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்களிடம் இரண்டு பதிவேடுகள் உண்டு. வாசலருகே வருகைப் பதிவேடு. என் மேஜைமேல் இரவல் பதிவேடு. சித்திரை வெயிலில் முதலாவது நிரம்பி வழியும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரே நாளிதழை மூன்று பேர் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். அன்றைக்கு இரவல் போனது ஏழு புத்தகமாக இருக்கும். ஆண்டறிக்கையில் முதல் எண்ணைப் பார்த்தால் நூலகம் ஓகோ என்று நடக்கிறது. இரண்டாவதைப் பார்த்தால் வேறு கதை. முகநூலின் 211 கோடியும் வருகைப் பதிவேடுதான். கட்டுரையாளரும், அவரை மறுத்து எழுதுகிறவர்களும் அந்த ஒரு பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முகநூலின் இரவல் பதிவேட்டில் ஒரு பக்கம் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா ஏகபோகம் நடத்துகிறது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2025 நவம்பரில் நீதிபதி போஸ்பெர்க் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார். தங்களுக்கு டிக்டாக்கும் யூடியூபும் போட்டி, தாங்கள் நண்பர்களை இணைக்கும் இடம் மட்டும் அல்ல என்பதுதான் நிறுவனத்தின் வாதம். அமெரிக்கர்கள் முகநூலில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதம்தான் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பதில் போகிறதாம். இன்ஸ்டாகிராமில் 7 சதவீதம். நண்பர்களைச் சேர்த்துவைக்கிறேன் என்று கடை திறந்தவர்கள், இங்கே யாரும் நண்பர்களைப் பார்க்க வருவதில்லை என்று காட்டி வழக்கில் ஜெயித்திருக்கிறார்கள்! எனக்குத் தெரிந்து ‘முகநூல் மங்குகிறதா’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அந்தக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் பக்கத்தையே ஒரு மத்தியானம் உட்கார்ந்து எண்ணினேன். 2014இல் 112 பதிவுகள். வாசலில் நிஷாகந்தி பூத்தது, நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்கள், தஞ்சாவூர் பேருந்தில் கேட்ட சண்டை. சாம்பார் பொடிக்குத் துவரம்பருப்பு வறுத்துப் போடுவேன் என்று ஒருநாள் எழுதிவிட்டேன், 64 பின்னூட்டம். கோயம்புத்தூர்த் தோழி ஒருத்தி அடிக்காத குறை. 2024இல் என் பதிவுகள் ஒன்பது. அதில் ஐந்து ‘ஆழ்ந்த இரங்கல்’. ஆனால் ஒருநாள் தவறாமல் உள்ளே போய்ப் பார்க்கிறேன், அதாவது அந்தக் கோடிகளில் நானும் ஒருத்தி.

எழுதுவதை ஏன் விட்டேன் என்று யோசித்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. முதலில் நாற்பது தோழிகள் இருந்தார்கள். பிறகு மைத்துனர், மேலதிகாரி, மூத்த மகளின் மாமியார், பால்காரர் மகன் என்று எல்லாரும் நட்பு அழைப்பு அனுப்பினார்கள். மறுக்கவா முடியும்? கல்யாண வீட்டில் கூடத்தில் பேசுகிற பேச்சு வேறு, சமையல்கட்டில் பேசுகிற பேச்சு வேறு. முகநூலில் இருந்தது கூடம் மட்டும். சமையல்கட்டை வாட்ஸப்பில் கட்டிக்கொண்டோம். 2014இல் மூத்தவள் கல்யாணத்தின்போது படங்களை முகநூலில் ஏற்றிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார் என் கணவர். போன வருஷம் இளையவளுக்கு நடந்தது. முகநூலில் ஒரு படம் இல்லை. ‘அது அம்மாக்கள் இருக்கிற இடம்மா’ என்றாள்.

அவள் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் முகநூல் பயன்படுத்துவோர் 2014-15இல் 71 சதவீதம், 2024இல் 32. சரி, அவர்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதி இன்ஸ்டாகிராமுக்கு. அதை 2012இலேயே 100 கோடி டாலருக்கு முகநூல் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க் பேசி முடித்துவிட்டார். வாட்ஸப்பை 2014இல் 1,900 கோடிக்கு. இந்தியாவில் 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் பிள்ளைகள் புகுந்த, இன்ஸ்டாகிராமின் குட்டிக் காணொளிப் பகுதியான ரீல்ஸும் அவர் கடைதான். ஆர்குட்டோடு ஒப்பிடுவதில் கட்டுரையாளர் சறுக்குவது இங்கேதான். ஆர்குட்டை விட்டுப் போனவர்கள் அடுத்தவன் வீட்டுக்குப் போனார்கள். முகநூலை விட்டுப் போகிறவர்களில் பலர் அதே வீட்டு மாடிக்கு ஏறுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் தம்பி குடும்பம் முடிச்சூரில் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் தொலைபேசி போகவில்லை. அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்று பக்கத்துத் தெருப் பையன் முகநூலில் குறித்துவைத்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டில் அடுப்பு மூட்டினோம். ஃபெஞ்சல் புயலின்போது எனக்கு முகநூல் ஞாபகமே வரவில்லை. சேதியெல்லாம் குடும்பக் குழுவில் வந்துவிட்டது. அதற்காக அங்கே எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மாடித்தோட்டக் குழுவில் வெண்டைச் செடியில் பூச்சி என்று படம் போட்டால் அரை மணியில் பத்துப் பேர் மருந்து சொல்கிறார்கள். நேரலையில் சேலை விற்கிற பெண்கள் இரவு பதினொரு மணிவரை பேசுகிறார்கள். சிலருக்கு அதுதான் வருமானம்.

கடைசியாக ஒரு திருத்தம். நூலகர் புத்தி, விட மாட்டேன். ஆர்குட் 2012இல் மூடப்பட்டது என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. 2014 செப்டம்பர் 30 என்பதே சரி. அடுத்த இதழில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மன்னார்குடி