காலி வகுப்பில் ஓடிய நாற்பது நிமிடம்

மாவட்டத்துப் பள்ளிகளில் தொழில்நுட்பப் பயன்பாட்டைக் கணக்கெடுத்துத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை பிரேயர் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது எங்கள் தலைமையாசிரியைக்குப் போன் வந்தது. "உங்க ஸ்கூல் மூணு வாரமா சிவப்புல கிடக்கு. ஸ்மார்ட் போர்டு ஓடின நேரம் சைபர்னு காட்டுது. இன்னைக்கே பச்சையாக்கிடுங்க." எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை என்பது உங்களுக்குத் தெரியும். போர்டு ஓடிய பள்ளியைப் பச்சையாகவும் ஓடாத பள்ளியைச் சிவப்பாகவும் காட்டும் உங்கள் டேஷ்போர்டு, அதாவது கணினியில் தெரியும் கணக்குப் பலகை.

அன்றைக்கே பச்சையாக்கினோம். எப்படி என்பதையும் மறைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் போர்டைப் போட்டு ஒரு அறிவியல் காணொலியை ஓடவிட்டேன். எங்களுக்கு அன்று கணக்குப் பாடம். அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்துப் பின்னம் நடத்தினேன். உள்ளே காலி பெஞ்சுகளுக்கு ஒளிச்சேர்க்கைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம். அன்றைக்குப் பார்த்து கரண்டும் கண்சிமிட்டவில்லை. மாலையில் பள்ளி பச்சை. மறுநாள் யாரும் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் ஏன் போடவில்லை என்று அந்தப் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இது ஐப்பசி. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இடி எப்படி இறங்கும் என்று இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் இதே மாதம் விழுந்த ஒரு இடியில் பள்ளி யுபிஎஸ் போனது, பேட்டரியோடு. புகார் கொடுத்தோம். புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. அதிலிருந்து மேகம் கறுத்தால் மெயினை அணைப்பதுதான் முதல் வேலை. எரிந்தால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள் அல்லவா? காலையில் போடலாமே என்பீர்கள். யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் ஒருமுறை போய் வந்தால், போர்டு திரும்ப எழுந்து, நெட் கிடைத்து, பாடம் திறப்பதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். உங்கள் படிவத்தில் "உள்ளதா", "இயங்குகிறதா", "எத்தனை மணி நேரம்" என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. இடிக்குக் கட்டம் இல்லை.

அதே மூன்று வாரத்தில் வகுப்பில் வேறொன்று நடந்தது. எழுத்துக் கூட்டியே வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவன் ஒரு பத்தி வாசிப்பதை என் சொந்தப் போனில் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டினேன். காதருகே வைத்துக் கேட்டான். "டீச்சர், நான் இப்பிடியா வாசிக்கேன்?" என்றான். நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை பதியச் சொன்னான். அப்புறம் இன்னொரு தடவை. ஆறாவது பதிவில் முற்றுப்புள்ளியில் நின்று மூச்சு வாங்கினான். இப்போது வகுப்பில் பாதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், என் போன் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. சொந்தப் போன், கணக்கில் வராது.

பயிற்சிக்கு வந்தால், பாடத்தில் கருவியை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்கும் 'சாமர்' (SAMR) என்ற நாலுபடி ஏணியைக் காட்டுகிறீர்கள். கீழ்ப்படியில், பழைய வேலையையே புதுக் கருவியில் செய்வது. மேல்படியில், கருவி இல்லாமல் முடியவே முடியாத ஒன்றைச் செய்வது. நல்ல ஏணிதான். அந்தப் பையன் எந்தப் படியில் நிற்கிறான்? காலி வகுப்பின் ஒளிச்சேர்க்கை எந்தப் படி? பயிற்சியில் ஏணியைக் காட்டிவிட்டுப் படிவத்தில் மணிக்கணக்கை மட்டும் கேட்டால், நாங்கள் மணிக்கணக்கைத்தான் தருவோம். பெரு நாடு பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. 2012இல் வந்த மதிப்பீட்டில், கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. பெட்டியை எண்ணுவது சுலபம், அவ்வளவுதான்.

அதனால் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை எழுதும் முன் ஒரு பள்ளியில், ஒரு பாடவேளை முழுக்க, பின்பெஞ்சில் வந்து உட்காருங்கள். போட்டோ வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். கருவியை வைத்துப் பிள்ளை என்ன செய்தது என்று மட்டும் பாருங்கள்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே பள்ளிக் கருவிகளைப் பராமரிக்கப் பழகுகிறார்கள். இங்கே போர்டின் பின்மூடியைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். வாரண்டி வைத்திருப்பவர் எங்கே என்றால் புகார் எண்ணைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 91.75 சதவீத எழுத்தறிவு, மாநிலத்திலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்த எழுத்தறிவு டேஷ்போர்டில் நிறம் மாற்றி வந்ததா என்ன? ஆசிரியர்களையும் வகுப்பிலிருந்து எடுத்து டேட்டா என்ட்ரியில் போட்டுவிட்டால் இன்னும் நன்றாகப் பச்சையடிக்கும்.

சரி, மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்கிறேன். போர்டு எத்தனை நாள் ஓடவில்லை, ஏன், யார் எப்போது சரிசெய்தார் என்று படிவத்தில் மூன்று வரி சேருங்கள். பிள்ளைகள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று ஆசிரியர் எழுத நாலு வரி இடம் விடுங்கள். எங்களுக்கு இரண்டாவது போர்டு வேண்டாம். ஒரு யுபிஎஸ்ஸும், பேசிப் பதிய நாலைந்து சாதாரணக் கருவிகளும் போதும். பக்கத்துப் பள்ளியின் தேவை வேறாக இருக்கும். அதை அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஒரு பாடவேளைதான், தயவுசெய்து வாருங்கள். காலையிலேயே வந்துவிட்டால் நல்லது. இரண்டு மணிக்கு மேல் மெயினை அணைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்