இங்கே அம்மா என்றால் பாட்டி

ரெய்க்யவிக், ஐஸ்லாந்து,
நவம்பர் 20

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உன் அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள்கிறார்களா?

இங்கே இப்போது பத்து மணிக்கு மேல்தான் விடிகிறது, நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. மீனாவைப் பள்ளிக்கு இருட்டில் கொண்டுபோய் விட்டு, இருட்டிலேயே கூட்டி வருகிறேன்.

"அங்கேதான் எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியுமே, எதற்கு இந்த வயதில் இலக்கணப் பாடம்?" என்று கேட்டிருந்தாய். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, கேள்வி நியாயம்தான். கடையில் நான் ஐஸ்லாந்து மொழியில் ஆரம்பித்தால், என் உச்சரிப்பைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். எனக்கோ, வீட்டுக்கு வந்தவளை உள்ளே கூப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார வைத்தது போலிருக்கும். திண்ணையிலேயே எத்தனை வருஷம் இருப்பது, சொல்லு?

பெயர்ச்சொல்லுக்கு நான்கு வேற்றுமை. நமக்கு எட்டு இருக்கும்போது நான்கு என்ன பெரிது என்று நினைத்தேன். ஆனால் நம் உருபுகள் எந்தச் சொல்லோடும் அநேகமாக ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். இங்கே ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று ஒவ்வொன்றுக்கும் முடிவு மாறும், சில சொற்களில் நடுவிலிருக்கும் உயிரொலியும் மாறும். ஒன்று முதல் நான்கு வரை எண்களையும் விடுவதில்லை. மனிதர் பெயரும் அப்படித்தான். 'ஆ'வில் முடியும் பெண் பெயர், எழுவாய் தவிர மற்ற மூன்று வேற்றுமையிலும் 'உ' ஆகிவிடும். ஒருநாள் மீனாவின் ஆசிரியை அவள் பூட்ஸைக் காட்டி "மீனுவுடையது" என்றார். நாம் கொஞ்சிக் கூப்பிடும் பெயர் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்து நின்றேன். வேற்றுமை செய்த வேலை அது!

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். டாக்டரானாலும் ஜனாதிபதியானாலும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர் என்று வேறு ஊர்களில் விளக்கி விளக்கி அலுத்துப்போனவள் நான். இங்கே ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு இவர்கள் சொல் 'டோல்வா'. எண்ணைக் குறிக்கும் சொல்லையும், குறி சொல்பவளைக் குறிக்கும் பழைய சொல்லையும் இணைத்து 1965-இல் உண்டாக்கியது. தொலைபேசிக்கு 'சீமி', நூலிழை என்ற பொருளில் வழக்கொழிந்திருந்த சொல்லைத் தூசு தட்டி எடுத்தார்கள். அவை அகராதியில் தூங்கவில்லை, மீனாவின் வகுப்புக் குழந்தைகள் வாயிலும் வருகின்றன. நாம் கணினி என்று எழுதிவிட்டு கம்ப்யூட்டர் என்று பேசுகிறோமே, அதை நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாக இருக்கிறது. நவம்பர் 16 இவர்களுக்கு மொழி நாள். யோனாஸ் ஹால்கிரிம்சன் என்ற கவிஞர் பிறந்த தினம். 1842-இல் வானியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்தபோது ஈர்ப்பு விசைக்கு அவர் ஆக்கிய சொல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மீனா அன்று பள்ளியில் பாடினாள்.

அப்புறம், நீச்சல் குளம். பூமிச் சூட்டில் காய்ந்த நீர், வெளியே பனி கொட்டினாலும் திறந்திருக்கும். இறங்கும் முன் உடை எல்லாவற்றையும் களைந்து சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். அந்தக் கூச்சத்தில் முதல் சில மாதங்கள் நான் போகவே இல்லை. ஓரத்தில் சின்னதாக வெந்நீர்த் தொட்டிகள் இருக்கும். ஊர்க்கதை முழுக்க அங்கேதான். போன மாதம் அதில் உட்கார்ந்திருந்தபோது ஒரு குழந்தை "அம்மா!" என்று கத்தியது. சட்டென்று திரும்பினேன். அது கூப்பிட்டது பக்கத்திலிருந்த வயதான பெண்மணியை. இவர்களுக்கு 'அம்மா' என்றால் பாட்டி! எங்கள் மொழியில் அது தாய் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். அவர் ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. நான் ஒவ்வொரு சொல்லாய்த் தேடி எடுக்கும்வரை காத்திருந்தார், தப்பு முடிவுகளை மெதுவாகத் திருத்தினார். அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் அவரோடு அரைமணி நேரம் பேசுகிறேன்.

மீனா போன வாரம் போனில் என் அம்மாவையே "அம்மா" என்று கூப்பிட்டாள். அவர்களுக்குக் கொள்ளை சந்தோஷம், நான் திருத்தவில்லை. ஆனால் பாட்டி என்ற சொல்லும் அவளுக்கு வேண்டும். உன் தம்பி ஜனவரியில் லண்டன் வருகிறானாமே, அவனிடம் பெரிய எழுத்தில் அச்சான தமிழ்க் கதைப் புத்தகங்கள் நாலைந்து கொடுத்தனுப்பு. அங்கிருந்து தபாலில் போட்டால் போதும்.

அன்புடன்,
கௌசி