கொரங்காட்டுப் படலைச் சாத்தி வைக்க உதவி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்ததும் உங்கள் பத்திரிகையில் தீவனத் தட்டுப்பாடு பற்றிச் செய்தி வந்துவிடுகிறது. கூடவே கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடச் சொல்லி ஓர் ஆலோசனையும் வரும். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்களுக்கு அது நல்ல யோசனைதான். எங்கள் மூலனூர்ப் பக்கம் கோடையில் கிணற்றின் அடி தெரியும். இங்கே மாடும் ஆடும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தது கொரங்காட்டுப் புல்லை நம்பி. அந்தக் கொரங்காடு தேய்ந்துபோனால் மறுபடி எப்படிப் புல்லைக் கொண்டுவருவது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நாலு ஏக்கர் கொரங்காட்டில் ஒரு முறை தோற்று, அடுத்த முறை தேறியவள் நான். வயது 61. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொரங்காடு என்பது மானாவாரி மேய்ச்சல் காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கமெல்லாம் உண்டு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுநடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். உள்ளே போக ஒரே ஒரு படல், அதாவது தட்டிக் கதவு. மாட்டை ஓட்டிவிட்டுப் படலைச் சாத்தினால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். வெள்வேல நிழல் அடர்த்தியாக விழாது, அடியில் புல் வளரும். கோடையில் காய் உதிர்ந்தால் ஆடு பொறுக்கித் தின்னும். காங்கேயம் மாடு என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் தெருவில் நின்றபோது நாட்டு மாட்டைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அந்த மாடு தின்னும் புல்லைப் பற்றி அப்போதும் பேச்சு வரவில்லை.

என் மாமனார் இருந்த காலத்தில் ஆறேழு வருஷத்துக்கு ஒரு முறை கொரங்காட்டை மேலாக உழுது கம்போ சோளமோ விதைப்பார். ஊடே நரிப்பயறும் இருக்கும். "பில்லு கெழடாயிப் போச்சு, ஒழவு ஓட்டோணும்" என்பார். தூர் பழுத்து நடு காய்ந்த கொழுக்கட்டைப் புல் கலையும், இறுகிய மண் பொலபொலவென்று ஆகும், தட்டு மாட்டுக்கு ஆகும். கீழே உதிர்ந்து கிடந்த புல்விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அதற்குமேல் இரவில் ஆட்டை அங்கேயே பட்டி அடைத்து, சாணமும் மூத்திரமும் ஏற்றுவார். விதை வாங்கிப் புல் போட்டதாக அவர் காலத்தில் நான் பார்த்ததே இல்லை. மண்ணுக்குள் விதை இருந்தது, அதனால் தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரர் 2014இல் காலமானார். பண்ணயம் பார்க்க ஆளில்லாமல் மறு வருஷம் கொரங்காட்டை மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. குத்தகைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கும் எண்பது ஆட்டைக் காப்பாற்றியாக வேண்டும். ஆனால் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒரு நாள்கூடப் படல் சாத்தப்படவில்லை. புல் பூவெடுக்கவே விடாமல் மேய்ந்தால் விதை ஏது? 2018இல் நிலம் என் கைக்கு வந்தபோது கொழுக்கட்டைத் தூர்கள் கட்டை விரல் உயரத்துக்குக் கடிபட்டு, பாதி செத்திருந்தன. வெறும் தரை சிமெண்டு போட்ட களம் மாதிரி கிடந்தது. ஆடு தொடாத ஊசிப்புல், வேலியோரம் பார்த்தீனியம், மேற்கு மூலையில் சீமைக் கருவேலம். மழை பெய்தால் தானாக வந்துவிடும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். ஊசிப்புல்தான் வந்தது.

2020இல் மகன் பொறுப்பெடுத்துக்கொண்டான். ஒரு கடையில் கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி வந்தான். டிராக்டரில் சட்டிக் கலப்பை மாட்டி நாலு ஏக்கரையும் ஆழ உழுதான். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று ஆடி பதினெட்டுக்கு மறுநாள் விதையை வீசினோம். பிறகு நடந்ததை அப்படியே சொல்கிறேன், இன்னொருவர் அதே தப்பைச் செய்யக்கூடாது.

இந்தப் புல்லின் விதை நெல் மாதிரிக் கனமாக இருக்காது. சுணையோடு சேர்ந்து பஞ்சு போல இருக்கும். ஒரு யூரியாச் சாக்கில் அமுக்கித் திணித்தாலும் நாலைந்து கிலோதான் நிற்கும். எங்கள் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதே பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை நம்பித்தான். ஆடியில் அம்மி பறக்கும் காற்றில் இந்த விதையை வீசினால் என்ன ஆகும்? பாதி பறந்தது. மீதி ஆழ உழுத கட்டிகளுக்கு அடியில் போய் விழுந்தது. அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் இதன் முளைக்கு மேலே வரத் தெம்பு கிடையாது. வாங்கிய விதையும் அப்போதுதான் அறுத்த புது விதை என்று பின்னால்தான் தெரிந்தது. ஆழ உழுததில் மிஞ்சியிருந்த பழைய தூர்களும் புரண்டு செத்தன. ஐப்பசியில் காடு பச்சையாகத்தான் இருந்தது. அத்தனையும் பார்த்தீனியம். அன்றைக்குப் படல் ஓரம் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மாதான் வழி சொன்னார். "புது வெத தூங்கும் கண்ணு. ஒரு மழைக்காலம் தாண்டுனாத்தான் எந்திரிக்கும். ஆடியில போட்டா அடுத்தவன் காட்டுலதான் மொளைக்கும்." பிறகு கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார். அறுத்த கொழுக்கட்டை விதைக்கு ஆறிலிருந்து எட்டு மாதம் உறக்கநிலை உண்டு.

2021 தை மாதம், இன்னும் நன்றாக இருக்கும் ஒரு பங்காளி வீட்டுக் கொரங்காட்டில் கேட்டுக்கொண்டு விதை உருவினோம். வெயில் ஏறி விதை உதிர்வதற்குமுன், விடிந்தும் விடியாமலும் போக வேண்டும். கதிரைப் பிடித்து மேல் நோக்கி உருவினால் முற்றிய விதை கையோடு வரும், முற்றாதது வராது. நாலு பெண்கள் ஒன்பது நாள் உருவி ஏழு கிலோ சேர்ந்தது. நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். மாசியில் ஈரச் சாக்கில் நூறு விதையை வைத்துப் பார்த்தேன், ஏழு முளைத்தது. ஆவணியில் அதே மூட்டையிலிருந்து நூறு, நாற்பத்தாறு முளைத்தது. பெரியம்மா சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏக்கருக்கு மூன்று கிலோ வேண்டும். ஏழு கிலோவுக்கு இரண்டு ஏக்கர்தான் முடியும். அதுவும் நல்லதாகப் போயிற்று. நாலு ஏக்கரை முள் போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி விதைப்புக்கு, ஒரு பாதி மேய்ச்சலுக்கு. சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் தூரோடு பேர்த்தோம். வேலி விட்டுப்போன இடத்தில் கிளுவைக் குச்சி நட்டோம். புரட்டாசிக் கடைசியில், காற்று அடங்கிய பிறகு, கொத்துக் கலப்பையில் மேலாக ஒரே ஒரு சால் கீறினோம். விதையைச் சாணத்தோடும் செம்மண்ணோடும் பிசறி, புன்னைக்காய் அளவு உருண்டை பிடித்து உலர்த்தி வைத்திருந்தோம். அதைத் தூவி, வேல முள்ளைக் கட்டி இழுத்து மேல்மண்ணை மட்டும் மூடினோம். ஆட்டை ஒரு தரம் குறுக்கே ஓட்டினோம், மண் விதையோடு ஒட்டுவதற்காக. கூடவே முயல் மசால் என்னும் பயறு இனத் தீவனச் செடி கொஞ்சம் போட்டேன். அதன் விதைத்தோல் கடினம். கொதிநீரைச் சற்று ஆறவிட்டு நாலு நிமிஷம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் முளைக்கும். அதன் வேர்முடிச்சு காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும். புல்லோடு பயறு இனமும் தின்றால் மாட்டுக்கும் புரதம்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. ஒன்பதாம் நாள் மயிரிழை மாதிரி முளை தெரிந்தது.

விதைப்பைவிடக் கஷ்டமான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. மார்கழியில் முழங்கால் உயரம் புல். அந்தப் பக்கம் இருபத்திரண்டு ஆடும் இரண்டு மாடும் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கத்தும். "இவ்வளவு பில்ல வெச்சுக்கிட்டு ஆட்டப் பட்டினி போடுறியே" என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். மகனுக்கும் மனசு கேட்கவில்லை. நான் அவனைக் கூட்டிப்போய் ஒரு பயிரைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். வேரோடு வந்துவிட்டது. இலை மட்டும் அறுந்து தூர் மண்ணிலேயே நிற்கும்வரை ஆட்டை விடக்கூடாது. ஆடு கடித்து இழுக்கும் இழுப்பும் அதுதானே? அதோடு முதல் வருஷ விதை முழுக்க அந்த மண்ணிலேயே உதிர வேண்டும். அடுத்த பத்து வருஷத்துக்கான சேமிப்பு அது. இரண்டு கிடாயை விற்றுச் சோளத்தட்டு வாங்கிப் போட்டேன். மாசிக் கடைசியில்தான் படலைத் திறந்தேன். திறந்த பிறகும் நாலு விரற்கடை உயரம் நிற்கும்போதே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். தூரில்தான் மறுதுளிருக்கான சத்து இருக்கிறது.

மீதி இரண்டு ஏக்கரை 2023இல் அதே மாதிரி விதைத்தோம். இந்த முறை விதை எங்கள் காட்டிலேயே உருவியது. நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் தாமாகவே வந்துவிட்டன. சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்த செவலைக் கன்று ஒன்று, அதன் தாய்க்கு நான் ஒரு பிடி தவிடுகூடக் கூட்டிப் போடாத அந்தக் கோடையில், எலும்பு தெரியாமல் வளர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்தச் சாட்சி போதும்.

இப்போது என் கோரிக்கை. புல் விதைக்கு மானியம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அடங்கலில், அதாவது கிராமக் கணக்கின் பயிர்ப் பதிவேட்டில், பயிர் இல்லை, தரிசு என்று இருக்கிறது, தரிசுக்கு எப்படித் தருவது என்று கேட்டார்கள். அங்கிருந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, தாளில் இருப்பதைத்தான் அவர் படித்தார். அந்தத் தாள்தான் மாற வேண்டும். என் மாமனாரின் தகப்பனார் வேலி போட்டு, மரம் விட்டு, உழுது, பட்டி அடைத்து வளர்த்த நிலத்துக்குத் தரிசு என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் எங்கள் பக்கம் எத்தனை கொரங்காடு மனையாகிப் போயிற்று! ஜான்சியில் 1962 முதல் புல்லுக்கும் தீவனத்துக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிறது. இதே கொழுக்கட்டைப் புல்லை ராஜஸ்தானில் அஞ்சன் என்று போற்றி விதைக்கிறார்கள். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. சபையே அறிவித்தது. எங்கள் அடங்கலில் மட்டும் அது ஏன் தரிசாக இருக்க வேண்டும்?

விதையைவிட முக்கியமாகக் காத்திருப்பதற்கு உதவி வேண்டும். விதை உருவ எங்களுக்குக் கை இருக்கிறது, மகளிர் குழுக்களிடம் கொடுத்தால் ஊருக்கே உருவித் தருவார்கள். ஆனால் பத்து ஆடும் ஓர் ஏக்கரும் வைத்திருப்பவர் ஐப்பசி முதல் மாசிவரை படலைச் சாத்திவிட்டு ஆட்டுக்கு என்ன போடுவார்? என்னிடம் விற்கக் கிடாய் இருந்தது. இல்லாதவர் மார்கழியிலேயே படலைத் திறந்துவிடுவார், போட்ட விதையும் பட்ட பாடும் ஒரு வாரத்தில் போய்விடும். கொரங்காட்டில் புது விதை போட்டு அடைத்துவைக்கும் அந்த ஐந்து மாதத்துக்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் உலர்தீவனம் கொடுத்தால் போதும். கால்நடை மருந்தகம் வழியாகவே கொடுக்கலாம், யார் வீட்டில் எத்தனை உருப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தீவனச் செய்தியைச் சித்திரையில் போடுகிறீர்கள், அப்போது எங்களால் எதுவும் செய்ய முடியாது. புல் விதைப்பைப் பற்றி ஆவணி மாதம் உழவர் பக்கத்தில் எழுதுங்கள். விதை உருவுவதைப் பற்றி மார்கழியில் எழுதுங்கள்.

எங்கள் காட்டில் தை மாதம் இரண்டாவது வாரத்திலிருந்து கதிர் முற்றியிருக்கும். மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில் பக்கம் கொரங்காடு வைத்திருக்கும் யாரும் ஒரு சாக்கோடு விடியற்காலையில் வந்து உருவிக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். தூரை மிதிக்காமல் உருவினால் போதும்.

இப்படிக்கு,
கொரங்காட்டுக்காரி ஒருத்தி,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்