செயலாளரின் ஆண்டறிக்கை: தீக்குப் பின் இரண்டாவது இலையுதிர்காலம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தன்னார்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் நான் அறிக்கை படித்தபோது, காட்டுத்தீயில் நம் மலைக்கல்வி மையத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் சாம்பல்தான். வகுப்பறைக் கட்டடம் எரிந்திருந்தது. ஓடை மேல் நாம் கட்டிய மரப்பாலமும் போயிருந்தது. இந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் மேற்குச் சரிவு மஞ்சள் பூத்து நின்றது. கரிந்த அடிமரங்களுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் ஆஸ்பென் என்ற இலையுதிர் மரத்தின் கன்றுகள். அவற்றில் ஒன்றைக்கூட நாம் நடவில்லை. மேலே மரம் எரிந்தாலும் மண்ணுக்கடியில் வேர் பிழைத்திருந்தது, அந்த வேரிலிருந்து கிளம்பியவை இவை. பச்சையம் குறைந்ததும், கோடை முழுக்க இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. எத்தனையோ இலையுதிர்காலங்களில் பார்த்த நிறம்தான். ஆனால் கரிக்கு நடுவே பார்த்த அன்று என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை.

“ஏன் இன்னும் மரம் நடவில்லை?” இந்த ஆண்டு என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள், சிலர் கோபமாகவே கேட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. அதனால் பதிலை அறிக்கையிலேயே பதிவு செய்கிறேன்.

மேற்குச் சரிவிலும் மலைமுகட்டிலும் இருந்தவை பெரும்பாலும் லாட்ஜ்போல் பைன் மரங்கள். விதைகள் அடங்கிய அவற்றின் கூம்புகள் பலவும் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். சுமார் 45 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டால்தான் பிசின் உருகிச் செதில்கள் விரியும். தீ போனதும் அந்த விதைகள் சாம்பல் மேல் உதிர்ந்தன. இப்போது குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் நாற்றுகள் தெரிகின்றன. மண்வெட்டியோடு நூறு பேர் அங்கே ஏறினால் நடுவதைவிட மிதிப்பதே அதிகமாகும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988-ல் சுமார் 8 லட்சம் ஏக்கர் தீக்குள்ளானது. செப்டம்பர் 11 அன்று பெய்த பனிதான் அந்தத் தீயைத் தணித்தது. அங்கே காடு பெரும்பாலும் தானாகவே முளைத்து எழுந்தது. நம் செயற்குழு அதைப் பலமுறை பேசித்தான் முடிவெடுத்தது.

தெற்குச் சரிவின் கதை வேறு. அங்கே தீயின் கடுமையில் கூம்புகளே எரிந்துவிட்டன, விதை தரப் பக்கத்தில் உயிருள்ள மரமும் இல்லை. அங்கு மட்டும், இதே உயரத்தில் சேகரித்த விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை நட வேண்டும் என்பது நம் முடிவு.

அடுத்தது, மழை. மரம் போனதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாதது. கடுந்தீயில் சருகு எரியும்போது கிளம்பும் மெழுகுபோன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கி, சற்று ஆழத்தில் படிந்துவிடுகிறது. அதன் பிறகு மண் தண்ணீரைக் குடிப்பதில்லை. பெருமழை ஒன்று வந்தால் சாம்பலும் சேறும் கல்லும் சேர்ந்து ஓடைக்குப் பாயும். குழந்தைகளை வைத்தே இதைச் சோதித்தோம். சாம்பலை விலக்கி, மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எண்ணச் சொன்னோம். ஐந்து விநாடிக்குமேல் சொட்டு உருண்டையாகவே நின்றால் அந்த மண் நீரை ஒதுக்குகிறது என்று பொருள். சென்ற ஆண்டு அவர்கள் எண்ணி எண்ணி அலுத்துப்போன இடங்களில், இந்த ஆண்டு சில இடங்களில் சொட்டு உடனே உள்ளே போனது. மாணவர்கள் கைதட்டினார்கள்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவில் வைக்கோல் பரப்பினோம். அவசரத்தில், களைவிதை இல்லாதது என்ற சான்று பெறாத கட்டுகளை வாங்கிவிட்டோம். வாங்கச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நான். இந்த இலையுதிர்கால முதல் மழைக்குப் பின் அங்கே சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் முளைத்தது. இலையுதிர்காலத்தில் முளைத்து, கோடை தொடங்கும் முன்பே காய்ந்து, அடுத்த தீக்கு விறகாகிற புல் அது. தன்னார்வலர்கள் வாரக் கடைசிகளில் மண்டியிட்டுக் கையால் பிடுங்கினார்கள். அவர்களிடம் மன்னிப்பும் நன்றியும் கூறுகிறேன். வேலை இன்னும் முடியவில்லை. இனிச் சான்றில்லாத வைக்கோல் மலை ஏறாது.

வகுப்புகள் இந்த ஆண்டு முழுக்க வெளியில்தான் நடந்தன. வேர் மக்க மக்க, பட்டுப்போன மரங்கள் காற்றில் விழும். ஆகவே பாதை ஓரத்து மரங்களை வெட்டினோம், காற்று எழும்பும் நாளில் வகுப்பை நிறுத்தினோம். மற்ற மரங்களை நிற்கவிட்டோம். கருமுதுகு மரங்கொத்தி வந்துவிட்டது. எரிந்த மரத்துக்குள் இருக்கும் வண்டுப்புழுதான் அதன் இரை. அது குடைந்த பொந்தில் நாளை வேறு பறவைகள் குடியேறும்.

ஒரு பள்ளிக் குழுவில் வந்த சிறுமி பேருந்தைவிட்டு இறங்க மறுத்தாள். அவள் வீட்டாரும் அந்தத் தீயில் வீடு இழந்தவர்கள் என்று பிறகுதான் ஆசிரியர் சொன்னார். நம் வழிகாட்டி அவளை வற்புறுத்தவில்லை. பாதையோரம் விழுந்து கிடந்த கருகிய மரத்தில் தானே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து காது வைத்தாள். உள்ளே புழு மரத்தைக் கடிக்கும் ஓசை, கரக் கரக்கென்று. “உள்ளே யாரோ இருக்காங்க!” என்று அவள் கூப்பிட்டதும் வகுப்பே ஓடிவந்தது. இனி வரும் குழு ஒவ்வொன்றுக்கும் அந்த மரம் முதல் நிறுத்தமாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் கேட்டுக்கொண்டார்கள், செயற்குழு ஏற்றுக்கொண்டது.

வரவு செலவை பொருளாளர் தனியே வாசிப்பார். கட்டடம் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. உலோகக் கூரை, தீப்பொறி புகாத காற்றுத்துளை வலை, சுவரை ஒட்டிச் செடியில்லாத கல்தரை ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. செலவு கூடும்தான்.

பனி விழுவதற்குள் ஓடைக்கரைத் தடுப்புக்கட்டைகளைச் சரிபார்க்க வேண்டும். சீட்கிராஸ் பிடுங்க இன்னும் ஆட்கள் தேவை. முழங்காலுக்கு மெத்தை, கையுறை கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்கும் தாள் வாசலில் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்